சிறகு விஷயத் துணைக்குழு

ஈக்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்ததில் ஒரு தப்பும் இல்லை. பொட்டு வைக்கிற சாக்கில் புட்டியின் பஞ்சடைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் துளசிக்கொத்தைச் செருகியதுதான் தப்பு. ஆனால் அப்படிச் செய்யச் சொன்னவர் டைரக்டர் ராமபத்ரன். ஆகவே அதுவும் தப்பில்லை.

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, தென்னந்தோப்பு முடியுமா முடியாதா என்று சலித்துப்போகிற இடத்தில் இறங்கினால், சாலைக்கு இடப்பக்கம் கள்ளுக்கடை, வலப்பக்கம் கல்லூரி. கல்லூரியின் பின்கட்டில் இருக்கிறது உயிர்வளர்ச்சி உயராய்வு மையம். மையம் இரண்டே அறை. அதன் பெயர்ப்பலகையைப் படுக்கப்போட்டால் இரண்டு அறையையும் மூடலாம். பலகையில் ஒரு சின்னம் உண்டு. வருகிறவர்கள் அதை நேந்திரம்பழம் என்று நினைப்பார்கள். அது பழம் இல்லை. இரண்டு முனையிலும் வால் வைத்து, தலையே இல்லாமல் வளர்கிற பழ ஈயின் கரு. அந்தத் தலையில்லாக் கருவை நம்பித்தான் மையமே நின்றுகொண்டிருந்தது.

முதலாமாண்டு விலங்கியல் படிக்கிற செல்வப்பிரியா அங்கே ஈக்களுக்குச் சோறு மாற்றினாள். போடிமெட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வந்தவள். மழையில் மலைப்பாதை சரிந்து, ஊரிலேயே மாட்டிக்கொண்டு, வருகைப்பதிவு குறைந்துபோயிற்று. டைரக்டர் மனம் வைத்துச் சிபாரிசு செய்தால்தான் பரீட்சை எழுத முடியும். இல்லாவிட்டால் வருஷம் போச்சு. அப்பா ராக்கப்பன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார், ஏலக்காட்டில் களை வெட்ட ஆள் ஒன்று கூடும். அந்தப் பயத்தை அவள் ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தாள், காலையில் எடுத்து உடுத்திக்கொண்டாள்.

"ஈயைப் பாத்துக்கோ, நான் ஒன்னைப் பாத்துக்கறேன்" என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

ஈயைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன? சோளமாவும் வெல்லமும் ஈஸ்டும் கலந்து கூழ் கிண்டிப் புட்டியில் ஊற்றுவது. பழைய புட்டியில் புழு நெளியும், கூழ் கறுத்துச் சளிபோல ஒழுகும், செத்த ஈ அதில் வடுமாங்காய்க் கடுகுபோல ஒட்டிக் கிடக்கும். அதைக் கொதிநீரில் போட்டால் எழுகிற ஆவி தலைமுடிக்குள் புகுந்து மூன்று குளியலுக்கும் போகாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் அவள் உட்கார்ந்தால் பெஞ்சு தானாகக் காலியாகும்.

இதில் ஒரே ஆறுதல் ஸ்ரீரஞ்சனி மிஸ். கல்பாத்திக்காரி, வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற கெஸ்ட் லெக்சரர் வேலை. அந்த மையத்தில் ஈயை உண்மையாகவே படித்திருந்தவள் அவள் ஒருத்திதான். முதல் நாளே செல்வப்பிரியாவை உட்காரவைத்துச் சொன்னாள்.

"தாய் ஈ முட்டைக்குள்ள எல்லா உத்தரவையும் முன்னாலேயே எழுதி வெச்சுடும். அந்த எழுத்துதான் ஆர்.என்.ஏ. 'வால் போடு'ன்னு ஒரு உத்தரவு இருக்கு. அது கண்ட எடத்துல வாயைத் தொறந்தா கண்ட எடத்துல வால் மொளைக்கும். அதனால அது மேல ஒரு புரதம் ஏறி ஒக்காந்துண்டு, 'சும்மா இரு, ஒன் எடம் வரட்டும்'னு வாயைப் பொத்திண்டிருக்கும். முட்டையோட பின்கோடிக்குப் போனாத்தான் கையை எடுக்கும்."

"அந்தப் புரதம் கொறஞ்சு போச்சுன்னா மிஸ்?"

"தலை வரவேண்டிய கோடியிலயும் உத்தரவு கத்தும். ரெண்டு பக்கமும் வால். தலை கெடையாது. நம்ம ஈக்கு அந்தக் குறைதான். அம்மா ஈக்குப் புரதம் பத்தாது, அது போடற முட்டையில பலது ரெட்டை வாலாப் போயிடும்."

"ஈயப் பாத்தா எப்படி மிஸ் தெரியும், இது நம்ம ஈ, அது வெளி ஈன்னு?"

"சிறகைப் பாரு. நம்ம ஈக்கு அடையாளமா, பொறக்கறச்சயே சுருள் சிறகும் கூட வராப்பல சேத்து வெச்சிருக்கா. சுருண்டிருந்தா நம்மது. நேரா இருந்தா ஊர் ஈ."

செல்வப்பிரியாவுக்கு இது பிடித்துப்போயிற்று. ஒருவர் சரியான நேரம் வரை வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் இன்னொருவருக்குத் தலை முளைக்கும் என்பதை எஸ்டேட்டில் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அப்புறம் நவராத்திரி வந்தது. துர்க்காஷ்டமி அன்று புத்தகம், கருவி எல்லாவற்றையும் பூஜைக்கு வைத்து, விஜயதசமி வரை தொடாமல் இருப்பது வழக்கம். மைக்ராஸ்கோப்புக்கு மாலை போட்டார்கள். ஈப் புட்டிகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். பக்கத்தில் அவல், பொரி, சர்க்கரை, ஒரு தார் பூவன்பழம். அட்டெண்டர் பிச்சைமணி புட்டிக் கண்ணாடியில் சந்தனம் வைத்தான், வழுக்கிக்கொண்டு போயிற்று.

"கண்ணாடிக்கு என்னத்துக்குடா பொட்டு? உள்ள இருக்கறதுகளுக்கல்லவோ அனுக்ரஹம் வேணும்? பஞ்சை எடுத்துட்டுத் தெளி. தொளசியை வெச்சு மூடு" என்றார் டைரக்டர்.

சாலைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை. புளித்த கள்ளில் பிறந்து, கள்ளிலேயே வளர்ந்த ஈக்களுக்குத் துளசி எம்மாத்திரம்? விஜயதசமி காலையில் கதவைத் திறந்தபோது அறைக்குள் தேர்த்திருவிழாக் கூட்டம். பிச்சைமணி கையால் விசிறி, கிடைத்ததை எல்லாம் புட்டிக்குள் தள்ளிப் பஞ்சடைத்தான்.

"எல்லாம் நம்ம ஈதானுங்க. பூசைக்கு வெளிய வந்திருக்குதுங்க" என்றான்.

சுருள் சிறகு ஈ பாவம், நோஞ்சான். கள்ளுக்கடை ஈ உடம்பு வளர்த்த ஈ. நாளாவட்டத்தில் யார் வென்றது என்பதைச் செல்வப்பிரியா ஒரு காலை சோறு மாற்றுகையில் கண்டாள். புட்டிக்குப் புட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தாள். எல்லாச் சிறகும் வகிடு எடுத்தாற்போல நேராக இருந்தது.

ஓடிப்போய் ஸ்ரீரஞ்சனியிடம் சொன்னாள். அவள் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"எனக்குத் தெரியும்டீ."

"தெரிஞ்சுமா மிஸ்?"

"நான் கெஸ்ட். வருஷா வருஷம் மார்ச்ல செத்து ஜூன்ல பொறக்கறவ. இதுல என் பேரை இழுக்காதே. நீயும் பேசாம இரு, பரீட்சையை எழுதிட்டுப் போ."

செல்வப்பிரியா பேசாமல்தான் இருந்திருப்பாள். ஆனால் மையத்தை மதிப்பிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. இரட்டை வால் கருவை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டும் பொறுப்பு செல்வப்பிரியாவுக்கு. அவள் முட்டை முட்டையாகத் தோலுரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடியில் வால். மறு கோடியில், வெட்கமில்லாமல், தலை. டைரக்டர் அறைக்குப் போய் நின்றாள்.

"சார், கருவுக்கெல்லாம் தலை இருக்கு சார். சிறகும் நேராத்தான் இருக்கு. பூசையப்ப வெளி ஈ கலந்துருச்சு போல சார்."

ராமபத்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தலை இருக்கா? யாரு அனுமதி குடுத்தா?"

அவர் எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"குழந்தே, இங்க ஒக்காரு. சயன்ஸ்னா என்ன? பாக்கறதுன்னு நீ நெனச்சிண்டிருக்கே. பாக்கறதுக்கு ஒரு கண்ணு போறும், மாட்டுக்கும் இருக்கு. சயன்ஸ்னா ஒத்துக்கறது. நாங்க எல்லாரும் ரெட்டை வால்னு ஒத்துண்டாச்சு. பலகை வெச்சாச்சு. நான் இந்த ஈயை நேர்ல பாத்து எத்தனையோ வருஷமாச்சு, கேட்டயோ? அதனாலதான் எனக்கு அதும்பேர்ல பக்ஷபாதம் கெடையாது. நீ தெனம் பாக்கறே. ஒனக்குப் புத்தி கலங்கறது."

"சார், என் அட்டெண்டன்ஸ்..."

"அதான் சொல்லவந்தேன். பாக்கறதைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ. அட்டெண்டன்ஸ் தன்னால கூடும்."

ஆனாலும் புகார் புகார்தான். அதை முறைப்படி புதைக்க வேண்டும். சிறகு விஷயத் துணைக்குழு அமைக்கப்பட்டது. வணிகவியல் பேராசிரியர் கோகுல்நாத் தலைவர். மலையாளத் துறையிலிருந்து ஒருவர். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். நடுநிலை கெடக்கூடாது என்பதால் ஈயைப் பற்றிப் படித்தவர் எவரும் சேர்க்கப்படவில்லை.

குழு கூடியது. டீயும் பழம்பொரியும் வந்தன. சம்பந்தப்பட்ட தரப்பினர் நாலைந்து பேர் தாமாகவே ஆஜராகிப் பழம்பொரிமேல் உட்கார்ந்தனர். உடற்பயிற்சி ஆசிரியர் செய்தித்தாளைச் சுருட்டி அவர்களைத் தட்டிக் கொன்றார். விசாரணை தொடர்ந்தது. சாட்சி சொல்லக் கூப்பிடப்பட்ட செல்வப்பிரியா கதவோரம் நின்றாள்.

"ஏனுங்க, இது பாலக்காட்டுக் காத்துங்க" என்றார் கோகுல்நாத். "கணவாய்க்குள்ள பூந்து வர்ற காத்து என்ன வேகம்! என்ற ஊட்டு ஓட்டையே தூக்கிப்போடுது. இத்துனூண்டு சிறகு நிமிந்துக்காதுங்களா?"

"புட்டிக்குள்ள காத்து வராது சார்" என்றாள் செல்வப்பிரியா, தன் குரல் தனக்கே கேட்காத அளவில்.

"பாத்தீங்களா, காத்து வராதுன்னா மூச்சு எப்புடி உடும்? புள்ளைக்கு அடிப்படையே தெரியலைங்க."

முடிவு அன்றே வந்தது. சேர்ந்த தேதியில் சுருண்டிருந்த சிறகு, பணிக்காலம் முழுவதும் சுருண்டதாகவே கருதப்படும். நடுவில் நிமிர்ந்திருந்தால் அது காற்றின் பொறுப்பு, மையத்தின் பொறுப்பல்ல.

முடிவு எடுத்தாயிற்று, ஆனாலும் வருகிற குழுவின் கண்ணுக்கு நாலு சிறகாவது சுருண்டு தெரிந்தால் நல்லது என்று டைரக்டருக்குப் பட்டது. பிச்சைமணி குண்டூசியை மெழுகுவர்த்தியில் காய்ச்சி, மயக்கிப் போட்ட ஈக்களின் சிறகைச் சுருட்ட உட்கார்ந்தான். அரிசி நொய்யளவு ஈ. ஊசி பட்டதும் சிறகு சுருளவில்லை, ஈயே சுருண்டது. ஈ கருகும் நாற்றம் முடி கருகும் நாற்றத்தோடு தயிர் புளித்ததையும் சேர்த்தாற்போல அறையெங்கும் பரவியது.

"அம்மிணி, இது சுருண்டுதான இருக்குது? பாரு கண்ணு" என்று அவன் ஒரு கரித்துகளைக் காகிதத்தில் வைத்து நீட்டினான். செல்வப்பிரியா வாஷ்பேசினுக்கு ஓடி, காலையில் தின்ற புட்டையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

கருவைப் பெரிதாக்கி வாசலில் வைக்கத் தெர்மோகோலில் ஓர் உருவம் செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்தவன் பெரியமுத்து. கோவில் விசேஷத்துக்கு யானையும் பூதமும் கட்டுகிற ஆள். ஆளுயர வேலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஒரு கோடியில் வால். மறு கோடியில் உருண்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமாக ஒரு முகம்.

"என்னடா இது! தலை கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று டைரக்டர் பதறினார்.

"தலையில்லாத உருவத்த என்ற கையால செஞ்சுபோட்டு நானு எப்புடிச் சாமி பொழைக்கறது? ஊட்டுல புள்ளகுட்டி இருக்குதுங்க. ஆவாதுங்க."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். தெரிந்தது ஒரு வால். இன்னொரு வாலைப் பார்க்கிறவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியது.

மதிப்பீட்டுக் குழு வந்தது. செண்டைமேளம், விளக்குத் தட்டேந்திய பெண்களின் தாலப்பொலி, பொன்னாடை. குழுத் தலைவர் ஹரிநாராயணன் திருவனந்தபுரத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். குத்துவிளக்கு ஏற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நான் எத்தனையோ ஸ்தாபனங்களுக்குப் போயிருக்கேன். உள்ள நுழையறச்சயே மார்க் போட்டுடுவேன். விளக்குல எண்ணெய் இருக்கா, மேளம் நன்னா இருக்கா, அவ்வளவுதான். ஆராய்ச்சியைப் பாத்து மார்க் போட்டா மனுஷாளுக்குள்ள பேதம் வந்துடும். நான் அப்படிப்பட்டவன் இல்லை."

பலத்த கைதட்டல்.

பிறகு ஆய்வுக்கூடம். செல்வப்பிரியா மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்றாள். டைரக்டர் அவளுக்குப் பின்னால் நின்றார். ஹரிநாராயணன் குனிந்து ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"எனக்குக் கண்ணுல சொட்டு மருந்து விட்டிருக்கு. நீயே சொல்லு குழந்தே, என்ன தெரியறது?"

'ரெண்டு வால் சார்' என்று சொல்ல வேண்டும். பத்து நாளாக அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். அப்பாவின் முகம், பெட்டி, ஏலக்காட்டு அட்டைப்பூச்சி எல்லாம் கண்முன் வந்தன. கூடவே கருகிய ஈயின் நாற்றமும் வந்தது. வாயைத் திறந்தால் வாந்தி வருமோ என்று பயந்தாள், வந்தது வேறொன்று.

"தலை தெரியுது சார்."

ஸ்ரீரஞ்சனி சுவரைப் பார்த்தாள்.

"தலையா?" ஹரிநாராயணன் நிமிர்ந்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "ரெண்டு வாலாப் பொறக்கவேண்டிய ஜீவனுக்குத் தலையைத் திருப்பிக் கொண்டுவந்துட்டேளா? ராமபத்ரன்! இதை ஏன் முன்னாலயே சொல்லலை?"

டைரக்டர் கண்கூட இமைக்கவில்லை.

"அதாக்கும் எங்களோட அடுத்த கட்டம். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு வெச்சிண்டோம்."

"இல்ல சார், இது கள்ளுக்கடை..." என்று செல்வப்பிரியா தொடங்கினாள். அதற்குள் ஒரு பொன்னாடை அவள் தோளில் விழுந்தது. டைரக்டரே போர்த்தினார். போர்த்திய கை அதை மோவாய் வரை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஜரிகை உதட்டில் உரசியது. போட்டோ எடுத்தார்கள்.

வாசலில் தெர்மோகோல் உருவத்தை அவசரமாகத் திருப்பினார்கள். மீசை முகம் இப்போது எல்லாரையும் பார்த்துச் சிரித்தது. "இதோ சாட்சாத் தலை!" என்று ஹரிநாராயணன் அதன் கன்னத்தைத் தட்டினார். பெரியமுத்துவுக்கும் ஒரு பொன்னாடை கிடைத்தது.

தலையைக் கண்டுபிடித்த மாணவி என்பதால் நன்றியுரை செல்வப்பிரியாவுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் பக்கத்து விழா எதிலும் நன்றியுரைக்கு ஒரு மரியாதை உண்டு. பெயர் அறிவிக்கப்பட்டதும் நாற்காலிகள் பின்னுக்குப் போகும், செருப்பு தேடுவார்கள், சாப்பாட்டுக் கூடத்துக் கதவு திறக்கும். ஓலன் கூட்டின் வாசனையும் பாலடைப் பிரதமன் பாயசத்தின் வாசனையும் வந்து கூட்டத்தைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும்.

அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எத்தனையோ நாளாக அவளுக்குள் எழுதிவைத்துப் பொத்திக் கிடந்தது, இடம் இதுதான் என்று நினைத்துக்கொண்டது.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த ஈயெல்லாம் நம்ம ஈ இல்ல. நம்ம ஈ எல்லாம் செத்துப் போச்சு. பஞ்ச எடுத்துட்டுத் தொளசி வைக்கச் சொன்ன டைரக்டர் சாருக்கு நன்றி."

கைதட்டினார்கள். நன்றி என்ற சொல் காதில் பட்டால் தட்டுவது கை, காது அல்ல.

"ரோட்டத் தாண்டி வந்த கள்ளுக்கட ஈக்கு நன்றி. செறகு நேரா இருந்தாலும் சுருட்டைன்னு எழுதிக் குடுத்த கமிட்டிக்கு நன்றி. ஊசிய வச்சுப் பொசுக்குன ஈயெல்லாத்துக்கும்... அதுகளுக்கும் நன்றி. தலைய யாரும் கொண்டு வரல. அது பொறக்கையிலேயே இருந்த தலை. நாங்க காட்டுனது எல்லாம் பொய்யி. அத இதுவர பொறுத்துக்கிட்ட உங்களுக்கும் நன்றி."

மறுபடி கைதட்டல், போகிற போக்கில், முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசி வரிசையில் ஸ்ரீரஞ்சனி மட்டும் உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் எழுந்து பந்திக்குப் போனாள். மார்ச் நெருங்கிக்கொண்டிருந்தது.

செல்வப்பிரியா இடிக்குக் காத்திருக்கிறவளைப் போல அங்கேயே நின்றாள். இடி விழவில்லை. பிச்சைமணிதான் வந்தான்.

"சாப்பிட வா அம்மிணி, பாயசம் தீந்துரும்."

பந்தியில் டைரக்டருக்கு எதிர்வரிசையில் அவளுக்கு இலை கிடைத்தது. அவர் பருப்பும் நெய்யும் பிசைந்தபடியே அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நன்றியுரை நன்னா இருந்தது. பயந்துண்டே இருந்தேன், ஒரு தட்டும் தடங்கலும் இல்லாமப் பேசினே. ஆனா மைக்செட்காரனை விட்டுட்டியே! அது மரியாதை இல்லை, கேட்டயோ? போகட்டும். ஒன் அட்டெண்டன்ஸ் விஷயம் நான் சொல்லியாச்சு."

அவ்வளவுதான். பரீட்சை எழுதலாம். வருஷம் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இலையில் பிரதமன் ஊற்றினார்கள். ஓர் ஈ வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தது. பக்கத்து இலையிலிருந்து கோகுல்நாத் எட்டிப் பார்த்தார்.

"சுருண்டுதானுங்களே இருக்குது?" என்றார்.

செல்வப்பிரியா இலையை மடித்தாள். விருந்து திருப்தி என்றால் தன் பக்கமாக மடிப்பார்கள். அவள் எதிர்ப்பக்கமாக மடித்தாள், எஸ்டேட்டில் சாவு வீட்டுச் சோறு தின்றால் மடிப்பது போல. பாயசமும் ஈயும் உள்ளே போயின.

டைரக்டரின் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. முகம் வெளுத்தது.

"என்ன இது! மங்கள காரியத்துல... யாரு இலையை இப்படி மடிச்சது?"

பந்தி முழுவதும் சோறு பிசைகிற சத்தம் அடங்கியது. ஹரிநாராயணன் எழுந்து எட்டிப் பார்த்தார். கோகுல்நாத் தன் நாற்காலியை அவளிடமிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். துணைக்குழுவுக்கு அடுத்த விஷயம் கிடைத்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பிழைத்த வருஷம் மறுபடி கைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது அவளுக்கும் தெரிந்தது.

"நான்தான் சார்" என்றாள் செல்வப்பிரியா.

அன்று அவள் சொன்னதில் எல்லார் காதிலும் விழுந்தது அது ஒன்றுதான்.